அலமாரிக் கதவுக்குப் பூஜ்யம்

எங்கள் குழுவில் ஒரு போட்டி நடந்துகொண்டிருந்தது. குழுவை நடத்துகிற அக்காவுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் "அது உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டே அதன் உயிரை எடுத்திருப்பார்.

போட்டி இதுதான். அம்மாவின் முகத்தில் காயம். பார்க்கிறவர்கள் என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள். அம்மா என்ன கதை விட்டாள்? அந்தக் கதைக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க்.

"பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்" என்பதற்கு இரண்டு. "பைக் ஸ்டாண்டு எகிறி அடித்துவிட்டது" என்பதற்கு எட்டு, ஏனென்றால் அதில் கொஞ்சம் இயந்திர அறிவு இருந்தது. ஒன்பது வாங்கியது என் அம்மா. கொசு கடித்த இடத்தைச் சொறிந்ததில் கண் வீங்கிவிட்டதாகப் பள்ளிக்கூட வாசலில் நின்று கூசாமல் சொன்னாள். கண்ணைச் சுற்றி ஊதா மை தடவிவிட்டுப் போகிற கொசு எங்கே பிறந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று அவர்களுக்குப் பயம்.

"அலமாரிக் கதவில் இடித்துக்கொண்டேன்" என்றால் பூஜ்யம். எங்கள் நாலு பேர் அம்மாக்களும் அதைச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள்.

நாலு பேரையும் சொல்லிவிடுகிறேன். எதைச் சொன்னாலும் "ஆதாரம் இருக்கா?" என்று கேட்கிறவன் வக்கீல். வீட்டில் சத்தம் ஆரம்பித்ததும் டி.வி.யின் ஒலியைக் கூட்டிக் கூட்டிப் பழகி, இப்போது டி.வி. இல்லாத இடத்திலும் அதே ஒலியில் பேசுகிறவள் ரேடியோ. எல்லோரையும்விடச் சின்னவள், முதல் வகுப்பு, சித்தெறும்பு. நான் பெரியம்மா. எனக்குப் பதின்மூன்று வயதுதான். ஆனால் மற்றவர்களின் மூக்கைத் துடைத்துவிடுவேன், பிஸ்கட்டைப் பங்கு போடுவேன், தேவைப்பட்டால் தலையில் குட்டுவேன். பட்டம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

நாங்கள் கூடுகிற அறை ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. கீழே பல் ஆஸ்பத்திரி. அங்கே யாராவது அலறினால் நாங்கள் அசைய மாட்டோம். அலறலுக்கு நியாயமான காரணம் இருக்கிற இடம், எங்களுக்குத் தெரிந்து, அது ஒன்றுதான். மேலே வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவரில் சிரிக்கிற, அழுகிற, முறைக்கிற மஞ்சள் முகங்கள். நடுவில் துணியில் தைத்த ஒரு முதலை. முதலையைக் கையில் வைத்திருப்பவர் மட்டும் பேசலாம், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். எங்கள் அப்பாக்களுக்கு யாராவது சின்ன வயதிலேயே ஒரு முதலை வாங்கிக் கொடுத்திருக்கலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

அக்கா மனநல ஆலோசகர். வீட்டில் அடிதடி பார்த்த பிள்ளைகளைச் சனிக்கிழமை தோறும் உட்கார வைத்துப் பேச வைப்பது அவருடைய வேலை. நல்லவர். எதற்கும் அதட்ட மாட்டார். அதனாலேயே முதலில் எங்களுக்கு அவர்மேல் சந்தேகம் இருந்தது. அவர் சொல்லிக்கொடுத்ததில் எனக்குப் பிடித்தது ஆபத்துத் திட்டம். வீட்டில் மறுபடியும் நிலைமை மோசமானால் என்ன செய்வது? ஒரு பை கட்டித் தயாராக வைத்துக்கொள். நம்பிக்கையான ஒரு பெரியவரின் நம்பரை மனப்பாடம் செய்துகொள். நடுவில் போய் விழாதே, வெளியே போ. கடைசியாக, இது உன் தப்பு இல்லை. இந்தக் கடைசி விஷயத்தை அவர் வாராவாரம் சொல்லுவார். எங்களுக்கு அலுத்தும்விட்டது, கேட்கவும் பிடித்திருந்தது.

நான் பை கட்டி வைத்திருந்தேன். காரணம் இருந்தது.

அம்மாவும் நானும் அப்பாவை விட்டுத் தனியாக ஒரு மாடி அறைக்கு வந்திருந்தோம். எங்கள் பக்கமே வரக்கூடாது என்று கோர்ட் அவருக்குச் சொல்லியிருந்தது. அவருடைய கால்தான் வரக்கூடாதே தவிர, போன் கால் வந்துகொண்டுதான் இருந்தது. போன் அடித்தால் அம்மா அதை எடுத்துக்கொண்டு வெளியே போய் மாடிப்படியில் நின்று பேசுவாள். உள்ளே வரும்போது முகம் எங்கேயோ இருக்கும். "மாறிட்டேங்கிறாருடி" என்று ஒருநாள் சட்னி வழிவதுபோல் வாயிலிருந்து வழிந்துவிட்டது. அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வருவேன், வாசலில் அப்பாவின் அந்தப் பழுப்பு நிறச் செருப்பு கிடக்கும். அம்மா கதவைத் திறந்துவிட்டிருப்பாள்.

அம்மாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தாள். யார் முகத்துக்கு எந்த ஃபிரேம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லுவாள். எங்கள் வீட்டில் வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் கறுப்புக் கண்ணாடிக்கு வந்ததில்லை. அக்கா என்னைக் குழுவில் சேர்த்துக்கொண்ட முதல் நாள் அம்மா அவரிடம், "கடைசித் தடவை நடந்ததை மட்டும்தான் இவ பாத்தா. அதுக்கு முன்னாடி எதுவும் தெரியாது. சத்தம் வரும்போதெல்லாம் நல்லாத் தூங்கிடுவா" என்று சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை.  அந்தப் பெருமையைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது. அக்கா அறைக்குள் நுழைந்ததும் ரேடியோ பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டாள். அவள் தானாக நின்று நாங்கள் பார்த்ததே இல்லை. அக்காவின் இடது புருவத்துக்கு மேல் எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டி ஒட்டியதுபோல் ஒரு புடைப்பு. நீலம் பாய்ந்திருந்தது.

"என்னக்கா ஆச்சு?" என்றேன்.

"அட, ஒண்ணுமில்ல பெரியம்மா. அலமாரிக் கதவுல இடிச்சுக்கிட்டேன்."

 உண்மையைச் சொன்னால், எனக்குப் பயத்தோடு கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. சுவரில் இரண்டு பட்டங்களை மாட்டி வைத்திருக்கிற மனுஷி. எங்களைப் போன்ற பிள்ளைகளிடம் வருஷக் கணக்கில் இதே கதையைக் கேட்டுத் தேறியவர். கடைசியில் யோசித்து யோசித்து, அலமாரியா?

வக்கீல் என் காதருகே வந்து "பூஜ்யம்" என்றான். ஆனால் சிரிக்கவில்லை.

சித்தெறும்பு எழுந்து போய் முதலையை எடுத்து அக்காவின் மடியில் வைத்தாள். "நீங்க பேசுங்க. நாங்க கேக்கறோம்" என்றாள்.

"நான் என்னடா பேசறது?"

"அவசரம் இல்லக்கா. உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லலாம்" என்றேன். அது அவருடைய வசனம்தான். அவருக்கே திருப்பிக் கொடுத்தேன். "ஆனா ஒண்ணு. இது உங்க தப்பு இல்ல."

ரேடியோ தண்ணீர் கொண்டுவந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாகச் சின்னக் குரலில், "குடிங்கக்கா" என்றாள். வக்கீல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான்.

"வீட்டுல யார் யார் இருக்காங்க?"

"நானும் என் வீட்டுக்காரரும்."

நாங்கள் நாலு பேரும் மூச்சை இழுத்துக்கொண்டோம்.

"அவர் என்ன உயரம்?"

"டேய், அவர் என்னைவிடக் குள்ளம்டா. நிஜமாவே அலமாரிக் கதவுதான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றான் வக்கீல் மிகுந்த அனுதாபத்தோடு. "யார் காதுலக்கா பூ சுத்தறீங்க?"

"பை கட்டி வெச்சிருக்கீங்களா?" என்று நான் கேட்டேன். "இல்லேன்னா எங்க சித்தி நம்பர் தரேன். ரொம்ப நல்லவங்க, எதுவும் கேக்க மாட்டாங்க."

அக்கா சிரித்துவிட்டார். அதுதான் எங்களை ஒரேயடியாகக் கவிழ்த்தது. எங்கள் அம்மாக்களும் முதலில் இப்படித்தான் சிரிப்பார்கள். சிரித்துச் சிரித்து அக்காவின் கண்ணில் தண்ணீர் வந்தது. "அழறாங்க" என்று ரேடியோ பழைய ஒலியில் கத்த, சித்தெறும்பு அவரைவிடச் சத்தமாக அழ ஆரம்பித்தாள். கீழே யாருக்கோ பல் பிடுங்கினார்கள்போல, அங்கிருந்தும் ஓர் அலறல் வந்து சேர்ந்துகொண்டது.

அக்கா சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டார். எங்கள் நாலு முகங்களையும் பார்த்தார். சுவரில் இருந்த மஞ்சள் முகங்களில் எங்கள் முகம் எதுவும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். "வாங்க, காட்டறேன்" என்று எழுந்தார்.

பக்கத்துச் சின்ன அறையில், பொம்மைகளும் கலர் பென்சில்களும் வைக்கிற இரும்பு அலமாரி ஒன்று இருந்தது. மேலே கதவு, கீழே இழுப்பறை. அக்கா மேல் கதவைத் திறந்துவிட்டுக் குனிந்து இழுப்பறையை இழுத்தார். அந்த அறையின் தரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. திறந்த கதவு தானாகவே, பூனை மாதிரிச் சத்தமில்லாமல், அவர் தலைக்கு மேல் திரும்பி வந்து நின்றது. அக்கா மெதுவாக நிமிர்ந்தார். கதவின் முனை சரியாகப் புடைப்பின் மேல் வந்து தொட்டது.

"இப்படித்தான்" என்றார்.

வக்கீல் ஒப்புக்கொள்ளவில்லை. "நீங்க சொன்னாப் போதாதுக்கா" என்று அவரை விலக்கிவிட்டுக் கதவைத் திறந்தான். குனிந்தான். இழுப்பறையை இழுத்தான். அவன் எதையும் மெதுவாகச் செய்கிற ஆள் இல்லை. விருட்டென்று நிமிர்ந்தான். ணங்கென்று ஒரு சத்தம். தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அலமாரிதான்" என்றான் கொஞ்ச நேரம் கழித்து. "ஒத்துக்கறேன்."

சித்தெறும்பு முதலையைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்து, "அது உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ரேடியோ அலமாரிக்கு ஓர் உதை விட்டாள். அக்கா அவள் காலுக்கும் சேர்த்து ஐஸ் கட்டி வாங்கிவரப் பல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

எனக்கு மட்டும் சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. அப்படியானால் உலகத்தில் நிஜமாகவே அலமாரிக் கதவில் இடித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இடித்துக்கொள்வது, அலமாரியில் இடித்துக்கொண்டேன் என்று சொல்வது, பிறகு போய் டீ குடிப்பது. இவ்வளவு சுலபமா அது? யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டாமா? எனக்குப் பொறாமையாக இருந்தது. இப்போது நினைத்தாலும் பொறாமைதான்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். வழக்கம்போல் முதலில் வாசலைப் பார்த்தேன். பழுப்புச் செருப்பு இல்லை. கதவைத் தள்ளினேன். கடையில் இருக்க வேண்டிய அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் துணி சுற்றிய ஐஸ். துணியை எடுத்தாள், கீழே புடைப்பு.

அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"அலமாரிக் கதவுல இடிச்சுக்கிட்டேன்டி."

 கழுவும் தொட்டியில் இரண்டு டீ கப் கிடந்தன. நாங்கள் இரண்டு பேர்தான். நான் இப்போதுதான் உள்ளே வருகிறேன்.

"யார் வந்தா?"

"கீழ்வீட்டு அக்கா. நான் கத்தினதைக் கேட்டு ஐஸ் கொண்டாந்தாங்க, டீயும் போட்டுக் குடுத்தாங்க. நம்மகிட்ட ஃபிரிட்ஜா இருக்கு?"

 அடுப்புக்கு மேலே சுவரில் இருந்த மர அலமாரியின் கதவைத் திறந்தேன். விட்டுவிட்டுக் காத்திருந்தேன். கதவு அசையவில்லை. குனிந்து பார்த்தேன், நிமிர்ந்து பார்த்தேன். நின்ற இடத்தில் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றது. எங்கள் வீட்டுத் தரை மட்டமாக இருந்தது. வீட்டு ஓனர் வேறு எதில் ஏமாற்றியிருந்தாலும் அதில் ஏமாற்றவில்லை.

"என்னடி பண்றே?" என்றாள் அம்மா.

நான் கட்டிலுக்கு அடியில் கையை விட்டுப் பையை இழுத்தேன்.

"இது என்ன பை?"

"என் பை. நான் சித்தி வீட்டுக்குப் போறேன். அவர் வந்தாரா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"வரலடி! போன்தான் வந்துச்சு." அம்மா எழுந்து வந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "இன்னிக்குக் கடைக்கே போன் பண்ணினாரு. எல்லார் முன்னாடியும் பேச முடியல, லீவு சொல்லிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுபடி பண்ணினாரு. மாறிட்டேன், மாறிட்டேன்னாரு. மாறினா சந்தோஷம், மாறினபடியே அங்கேயே இருங்கன்னு சொன்னேன். இனிமே போன் வந்தா கோர்ட்டுக்குப் போவேன்னு சொன்னேன். கட் பண்ணிட்டேன்.  அதுக்கப்புறம்தான் கோவம் வந்துச்சு பாரு, இத்தனை வருஷக் கோவம். டீத்தூள் எடுக்கத் திறந்த கதவை ஓங்கிச் சாத்தினேன். அது திரும்பி வந்து மூஞ்சியிலயே அடிச்சுது."

நல்ல கதை. பத்துக்குப் பத்து கொடுக்கலாம். அதுதான் எனக்குச் சந்தேகம்.

"காட்டு" என்றேன்.

"என்னது?"

"சாத்திக் காட்டு."

அம்மா என்னை முறைத்தாள். ஐஸ் துணியை என் கையில் திணித்துவிட்டு அலமாரிக்கு முன்னால் போய் நின்றாள். கதவை முழுதாகத் திறந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, படாரென்று சாத்தினாள்.

பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தபோது நான் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் குந்தியிருந்தேன். இரண்டு கையும் தலைமேல் இருந்தன. அம்மா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சாத்திய வேகத்தில் திரும்பி வந்த கதவை அவள் கை நெற்றிக்கு முன்னால் பிடித்துக்கொண்டிருந்தது. கதை நிஜம்தான்.

நான் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டேன். அசடு வழிந்தது.

"சரி, நம்பறேன்" என்றேன்.

 அம்மா சிரிக்கப் பார்த்தாள். "அந்த வீட்டுல நான் விட்ட கதையையெல்லாம் நம்பினே. இன்னிக்கு நிஜத்தைச் சொல்றேன், பரீட்சை வைக்கறே."

"அப்பவும் நம்பலம்மா."

"எதை?"

"எதையும்."

கதவைப் பிடித்திருந்த கை கீழே இறங்கியது. "பாத்ரூம்ல விழுந்தது?"

"இல்ல."

"மாடிப்படி? அன்னிக்கு நீ தூங்கிட்டு இருந்தியே. நான் வந்து பார்த்தேனே."

"தூங்கலம்மா. நீ வந்து பாப்பேன்னு கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன்."

"அப்ப ஏன்டி ஒவ்வொரு தடவையும் சரி சரின்னு தலையை ஆட்டினே?"

"நீ அவ்வளவு யோசிச்சுச் சொல்லுவே. பாவமா இருந்துச்சு."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று பயந்து நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஐஸை அவள் நெற்றியில் வைத்தேன். எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே, "கொசுவுமா?" என்றாள்.

"கொசுவுக்கு ஒன்பது மார்க்கும்மா. எங்க குழுவுலயே நீதான் முதல்."

போட்டியைப் பற்றிச் சொன்னேன். பைக் ஸ்டாண்டு பற்றிச் சொன்னேன். அம்மாவின் தோள் குலுங்கியது. சிரித்தாள். நெற்றி வலித்து "ஐயோ" என்றாள், மறுபடி சிரித்தாள், அப்புறம் அது சிரிப்பாக இல்லை. நான் ஐஸை எடுக்கவில்லை. தண்ணீர் அவள் கழுத்து வழியாக என் முழங்கை வரை ஓடியது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் பையைத் தன் பக்கம் இழுத்தாள். ஜிப்பைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். என் உடுப்புகள், பள்ளிப் புத்தகங்கள், பல் துலக்கும் பிரஷ். அடிவரை கையை விட்டுத் துழாவினாள்.

"இதுல என் துணி ஒண்ணும் இல்லையே?"

வேறு நாளாக இருந்தால் எனக்குப் பொய் சொல்ல வந்திருக்கும். அவளிடமிருந்து கற்றுக்கொண்டதுதானே. ஆனால் அன்றைக்கு வரவில்லை.

"நீ வரமாட்டேன்னு நினைச்சேன்" என்றேன்.

 அம்மா எழுந்து போய்த் தன்னுடைய சேலைகளில் இரண்டை எடுத்து வந்தாள். கடையில் ஃபிரேமைத் துணியில் சுற்றுகிற மாதிரி மூலையோடு மூலை வைத்து மடித்தாள். என் உடுப்புகளுக்கு மேலே வைத்து அழுத்தினாள். பை சின்னது, ஜிப் பாதியிலேயே நின்றுவிட்டது.

"ஏறி உக்காரு" என்றாள்.

இரண்டு பேரும் பையின்மேல் உட்கார்ந்தோம். அம்மா குனிந்து ஜிப்பைக் கடைசிவரை இழுத்து மூடினாள்.